நிரம்பிய ஃபீடர், வராத பறவைகள்

டிசம்பர் 7

வாசகர் ஒருவரின் கேள்வி: "அக்டோபரிலிருந்து கொல்லைப்புறத்தில், பறவைகளுக்கு விதை வைக்கும் ஃபீடர் தொங்குகிறது. சிக்கடி, நட்ஹாட்ச், மரங்கொத்தி, ஜங்கோ எல்லாம் நாள் முழுவதும் வந்துகொண்டிருந்தன. ஐந்து நாள்களாக ஒன்றுகூட வரவில்லை. விதை போட்டது போட்டபடி கிடக்கிறது. தீனி வைத்துப் பழக்கியதால் அவை இரை தேடும் திறனையே இழந்து செத்திருக்கும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அது உண்மையா?"

உண்மையில்லை. உங்கள் கொல்லைக்கு வல்லூறு வரத் தொடங்கியிருக்கிறது. கூப்பர் வல்லூறாகவோ அதைவிடச் சிறிய ஷார்ப்ஷின்டு வல்லூறாகவோ இருக்கலாம். பதினைந்து ஆண்டுகளாக ஃபீடர் வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: திடீரென எல்லாம் மறைந்தால் காரணம் வல்லூறுதான். புதரடியில் இறகுக் குவியல் கிடக்கிறதா என்று பாருங்கள்.

டிசம்பர் 8

இறகு எதுவும் இல்லை என்று அவர் எழுதியிருக்கிறார். வல்லூறு வேறிடத்தில் கொண்டுபோய்த் தின்றிருக்கும்.

டிசம்பர் 9

நேற்று அந்தப் பதிலை எழுதிய பிறகுதான் என் சன்னலுக்கு வெளியே ஒழுங்காகப் பார்த்தேன். என் ஃபீடரிலும் நான்கு நாள்களாக விதை குறையவில்லை. அடுத்தவர் கொல்லைக்கு வல்லூறை அனுப்பிவைத்த எனக்கு, என் கொல்லையே காலியாக இருந்தது தெரியவில்லை. அதனால் இன்று காலை இருநோக்கியை எடுத்துக்கொண்டு பின்வேலியைத் தாண்டி, ஓடைக்கு அப்பாலுள்ள காட்டுக்குள் போனேன்.

எல்லாம் அங்கேதான் இருந்தன. இவ்வாண்டு ஹெம்லாக் மரங்களில் கூம்புகள் கிளையை இழுக்கும் அளவுக்குக் காய்த்துள்ளன. பிர்ச் மரங்களிலும் விதை ஏராளம். சிக்கடிகள் கிளை நுனிகளில் தலைகீழாகத் தொங்கிக் கூம்புச் செதில்களுக்கிடையே கொத்திக்கொண்டிருக்க, அவற்றின் கீழே பனியின்மேல் மிளகுத் தூள் தூவியதுபோல் விதைச் சிறகுகள் சிதறிக் கிடந்தன. நட்ஹாட்ச் அடிமரத்தில் தலை கீழாக இறங்கிக்கொண்டிருந்தது. மரமேறிக் குருவியான பிரவுன் க்ரீப்பர் வேரடியில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி மேலே ஏறிக்கொண்டிருந்தது. இறங்குபவன் மேலிருந்து பார்த்தால் தெரியும் வெடிப்பிலும், ஏறுபவன் கீழிருந்து பார்த்தால் தெரியும் வெடிப்பிலும் பூச்சி தேடுவதால் ஒரே மரம் இருவருக்கும் போதுமானதாகிறது.

ஆகவே என் முதல் பதிலைத் திரும்பப் பெறுகிறேன். காட்டில் விளைச்சல் இருக்கிறது, குளிர் இன்னும் கடுமையாகவில்லை, தரையைப் பனி முழுவதும் மூடவில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் நம் ஃபீடர் அவற்றுக்கு இரண்டாம் பட்சம்தான்.

டிசம்பர் 10

விதை கெட்டுப்போயிருக்கலாம் என்பதை நான் சொல்லவேயில்லை என்று மற்றொருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். சரிதான். குழாய் ஃபீடரின் அடியில் ஈரம் தங்கினால் சூரியகாந்தி விதை கட்டியாகிப் பூஞ்சை பிடிக்கும். மேலே புதிது போட்டுக்கொண்டே போவதால் நமக்குத் தெரியாது. முழுவதையும் கொட்டிவிட்டுப் பாருங்கள். நானும் கொட்டிப் பார்த்தேன். அடியில் மூன்று விரற்கடைக்குப் பச்சை படிந்திருந்தது. பதினைந்து ஆண்டு அனுபவம் என்று முதல் நாளில் எழுதியதை யாரும் நினைவுபடுத்த வேண்டாம்.

டிசம்பர் 14

பக்கத்து வீட்டுக்காரரின் கருத்தை ஒற்றைச் சொல்லில் ஒதுக்கிவிட்டேன்; அது விரிவான பதிலுக்குரியது. தீனி வைத்தால் பறவை சோம்பேறியாகும், நிறுத்தினால் சாகும் என்னும் எண்ணம் பரவலானது. கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கிறது.

இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மார்கரெட் பிரிட்டிங்ஹாமும் ஸ்டான்லி டெம்பிளும் 1980களில் கருந்தொப்பிச் சிக்கடிகளின் காலில் அடையாள வளையமிட்டுப் பின்தொடர்ந்தார்கள். ஃபீடர் எட்டும் தூரத்தில் இருந்தும், அவை தம் அன்றாட ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே அங்கிருந்து பெற்றன. எஞ்சியதைக் காட்டில் தேடிக்கொண்டன. தீனி கிடைத்த பறவைகளில் 69 விழுக்காடு குளிர்காலத்தைக் கடந்தன; கிடைக்காதவற்றில் 37 விழுக்காடுதான் கடந்தன. பிறகு, 25 ஆண்டுகளாகத் தீனி வைக்கப்பட்டுவந்த ஓரிடத்தில் ஃபீடர்களை அகற்றிவிட்டு அடுத்த குளிர்காலத்தில் கவனித்தார்கள். பல தலைமுறையாக ஃபீடரைப் பார்த்து வளர்ந்த அந்தச் சிக்கடிகளும், ஃபீடரையே பார்த்திராத காட்டுச் சிக்கடிகளும் ஒரே விகிதத்தில் பிழைத்தன.

சிக்கடி ஃபீடரில் உட்கார்ந்து தின்னும் பறவையன்று என்பதும் இதை விளக்கும். ஒரு விதையைக் கவ்விக்கொண்டு பறந்துவிடும். கிளையில் அமர்ந்து, விதையை இரு காலுக்கிடையே இடுக்கி, அலகால் அடித்து உடைக்கும். பாதி நேரம் அதையும் செய்யாமல் மரப்பட்டைக்கு அடியிலோ பாசிக்கு இடையிலோ ஒளித்துவைத்துவிட்டு அடுத்த விதைக்கு வரும். இப்படி நூற்றுக்கணக்கான இடங்களில் ஒளித்ததை வாரங்கள் கழித்தும் நினைவில் வைத்துத் தேடி எடுக்கும்; விதை ஒளிக்கும் இனங்களின் மூளையில் இடநினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதி பெரிதாக இருப்பது அதனால்தான். நம் ஃபீடரை அது தன் நூற்றுக்கணக்கான களஞ்சியங்களுள் ஒன்றாகக் கருதுகிறது என்று சொன்னால் மிகையாகாது. மூக்குக் கண்ணாடியைத் தேடிக் காலையில் அரைமணி நேரம் வீட்டைச் சுற்றிய நான் அதன் நினைவாற்றலைப் பற்றி எழுதுவது சற்று வேடிக்கைதான்.

டிசம்பர் 15

நேற்று எழுதியதில் திருத்தம். 69, 37 என்ற எண்களை எங்கும் எப்போதும் பொருந்துபவைபோல் எழுதிவிட்டேன். அந்த வேறுபாட்டை உண்டாக்கியவை கடுங்குளிர் மாதங்களே, அதாவது வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 18 பாகை செல்சியஸுக்கும் இறங்கிய நாள்கள் பல வந்த மாதங்கள். மிதமான மாதங்களில் தீனி பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. இதையும் காட்டில் நான் பார்த்ததையும் சேர்த்து வைத்தால் கேள்வி கேட்டவருக்கு இன்னும் தெளிவான பதில் கிடைக்கும்: பறவைகள் வராத டிசம்பர், அவற்றுக்கு நல்ல டிசம்பர்.

டிசம்பர் 22

பனி ஒரு சாண் விழுந்துவிட்டது, எல்லாம் திரும்பிவிட்டன. கேள்வி கேட்டவரின் கொல்லைக்கும் வந்துவிட்டனவாம். "எட்டுச் சிக்கடிகள் இருந்தன, இப்போது ஐந்துதான் இருக்கின்றன, மூன்று இறந்துவிட்டனவா?" என்று அடுத்த கேள்வியை அனுப்பியிருக்கிறார்.

ஒரே நேரத்தில் ஐந்தைப் பார்த்தீர்கள் என்பது மட்டுமே அதன் பொருள். ஃபீடருக்கு வரும் பறவைகளை எண்ணும் ப்ராஜெக்ட் ஃபீடர்வாட்ச் கணக்கெடுப்பிலும் விதி இதுதான்: ஓர் இனத்தில் ஒரே பார்வையில் அதிகபட்சம் எத்தனை தெரிந்தனவோ அந்த எண்ணை மட்டும் எழுத வேண்டும், வந்தவற்றையெல்லாம் கூட்டக் கூடாது. 1976இல் கனடாவின் ஒன்டாரியோவில் லாங் பாயின்ட் பறவை ஆய்வகம் தொடங்கிய இந்தக் கணக்கு, 1987 முதல் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தோடு சேர்ந்து வட அமெரிக்கா முழுவதும் நடக்கிறது. ஒரே பறவையை இருபது முறை எண்ணிவிடாமல் இருக்கவே அந்த விதி; ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட அது போதும். உங்கள் கொல்லைக்கு மொத்தம் எத்தனை வருகின்றன என்பதை அது சொல்லாது.

எனக்கு இவ்வாண்டு ஓர் அதிர்ஷ்டம் வாய்த்தது. இங்கு வரும் சிக்கடிகளில் ஒன்றின் கருந்தொப்பியில் வலப்பக்கம் ஒரே ஒரு வெள்ளை இறகு இருக்கிறது. நரை என்று பெயர் வைத்திருக்கிறேன். நேற்றுக் காலை ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு சிக்கடி வருகைக்கும் ஒரு கோடு போட்டேன். மொத்தம் 94 வருகைகள். அவற்றுள் நரை வந்தது நான்கே முறை. எல்லாம் சம அளவில் வருகின்றன என்று கொண்டால் 94ஐ நான்கால் வகுக்க 23க்கு மேல் வருகிறது. ஒரே நேரத்தில் நான் பார்த்த அதிகபட்சமோ ஐந்து. வளையமிடுபவர்கள் எப்போதும் சொல்வதும் இதுதான்: கண்ணுக்குத் தெரிவதைவிட வந்துபோவது பல மடங்கு.

டிசம்பர் 23

சம அளவில் வருகின்றன என்று கொண்டது தவறு. சிக்கடிக் கூட்டத்தில் தெளிவான படிநிலை உண்டு. மேல்நிலையில் உள்ளது வந்தால் கீழ்நிலையில் உள்ளது கம்பியைவிட்டு விலகும். நரை விலகுகிற பறவையா, விலக்குகிற பறவையா என்பது தெரியாமல் அதை அளவுகோலாகக் கொள்ள முடியாது. இன்று பார்த்த மூன்று முறையும் அது விலகியது. ஆகவே 23 என்பதை ஐந்துக்கும் 23க்கும் இடையே எங்கோ என்று மாற்றிக்கொள்ளுங்கள். வகுத்தல் சரி, வாழ்க்கை சரியில்லை.

ஜனவரி 3

கடந்த ஆறு வாரமாக என் குறிப்பேட்டில் "டவுனி மரங்கொத்தி, ஆண், 1" என்று எழுதிவந்ததில் பாதியாவது பொய் என்று இன்று தெரிந்தது.

டவுனி, ஹேரி என்னும் இருவகை மரங்கொத்திகளும் வண்ணத்தில் அச்சடித்ததுபோல் ஒன்றாகவே இருக்கும்: முதுகில் வெள்ளைப் பட்டை, இறகில் வெள்ளைப் புள்ளி, ஆணுக்குப் பிடரியில் சிவப்பு. ஹேரி பெரியது என்று நூல்கள் சொல்லும். பெரியது என்பது இரண்டும் பக்கத்தில் இருந்தால்தானே பயன்படும்? இன்று பறவைகளுக்குக் கொழுப்புக் கட்டி வைக்கும் கூண்டின் இருபுறமும் இரண்டும் ஒரே நேரத்தில் தொற்றியிருந்தன. அப்போதுதான் நான் டவுனி என்று வழக்கமாக எழுதிவந்த பறவை ஹேரி என்று புரிந்தது. அலகைப் பாருங்கள். டவுனியின் அலகு தலை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் அதிகம், ஏதோ ஒட்டவைத்த முள்போல இருக்கும். ஹேரியின் அலகு ஏறக்குறைய தலை அளவுக்கு நீண்டு உளியாக நிற்கும். வாலின் ஓர இறகுகளில் டவுனிக்குக் கறுப்புப் புள்ளிகள் உண்டு, ஹேரிக்குப் பெரும்பாலும் தூய வெள்ளை. குரலிலும் வேறுபாடு உண்டு. இரண்டும் "பிக்" என்றுதான் சொல்லும், ஆனால் ஹேரி அதைக் கோபத்தோடு சொல்லும்.

டவுனிக்கு எடை குறைவு என்பதால் அது களைச்செடித் தண்டுகளிலும் தொற்றி உள்ளிருக்கும் புழுவை எடுக்கும். காட்டோரத்தில் காய்ந்து நிற்கும் கோல்டன்ராடு தண்டுகளில் உருண்டையான வீக்கங்களைக் காணலாம். அவற்றுள் ஓர் ஈயின் புழு குளிர்காலத்தைக் கழிக்கிறது. அந்த உருண்டையில் சுத்தமாகத் துளையிட்டது பெரும்பாலும் டவுனி, தாறுமாறாகக் கிழித்தது பெரும்பாலும் சிக்கடி. ஃபீடரில் அலகைப் பார்க்கத் தவறியவன், தண்டில் துளையைப் பார்த்து யார் வந்தது என்று சொல்ல முடிகிறது என்பதில் எனக்குச் சிறிது ஆறுதல்.

ஜனவரி 4

குறிப்பேட்டில் "டவுனி" என்று எழுதிய இடங்களிலெல்லாம் "டவுனி அல்லது ஹேரி அல்லது என் கண்" என்று திருத்திவிட்டேன்.

ஜனவரி 10

டிசம்பர் 7இல் நான் அனுப்பிய வல்லூறு ஐந்து வாரம் தாமதமாக என் கொல்லைக்கே வந்து சேர்ந்தது.

காகமளவு உடல், வட்டமாக முடியும் நீண்ட வால், தடித்த தலை. கூப்பர் வல்லூறு, சந்தேகமில்லை. வேலிக்கு மேலாகத் தாழப் பறந்து வந்து ஜங்கோக்களின் நடுவில் பாய்ந்து, வெறுங்காலோடு திரும்பிப்போய்ப் பைன் மரத்தில் அமர்ந்துவிட்டது. பிற பறவைகள் புதருக்குள் மறைந்தன. ஒரு வெண்மார்பு நட்ஹாட்ச் மட்டும் அடிமரத்தில் தலைகீழாக இருந்த நிலையிலேயே உறைந்துபோனது. வல்லூறு எழுந்து போகும்வரை பதினோரு நிமிடம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. போனபின் இருபது நிமிடத்துக்குள் ஃபீடரில் பழையபடி கூட்டம்.

ஆகவே வல்லூறு வந்தால் ஃபீடர் காலியாகும் என்றதில் தவறில்லை; ஐந்து நாள்கள் காலியாகும் என்றுதான் தவறாகச் சொல்லியிருக்கிறேன். ஒரே கொல்லையில் அது தங்கிவிட்டால் வேறு கதை. அப்போது இரண்டு வாரத்துக்கு ஃபீடரை இறக்கிவைத்தால் அதுவும் வேறிடம் தேடிப் போகும்.

ஜனவரி 18

வெப்பநிலை விடியலில் சுழியத்துக்குக் கீழே 27 பாகை. இரவு முழுவதும் சன்னலில் உறைபனிப் பூ. ஏறத்தாழ 11 கிராம் எடையுள்ள சிக்கடி இப்படியோர் இரவை எப்படிக் கடக்கிறது என்பதைப் பலரும் கேட்கிறார்கள். பகலில் அதன் உடல் வெப்பம் சுமார் 42 பாகை. இரவில் மரப்பொந்தில் ஒடுங்கி, அந்த வெப்பத்தைப் பத்துப் பன்னிரண்டு பாகை குறைத்துக்கொண்டு, நடுங்கி நடுங்கியே உயிரைக் காக்கிறது. அன்றைய பகலில் சேர்த்த கொழுப்பு விடியும்போது தீர்ந்திருக்கும். அதனால்தான் வெளிச்சம் வந்தவுடன் முதலில் வருவதும் மாலையில் கடைசியாகப் போவதும் முக்கியமான வேளைகளாகின்றன. அந்த இரு வேளைகளிலும் ஃபீடர் காலியாக இருக்கக் கூடாது. நடுப்பகலில் நிரப்பிக்கொள்ளலாம் என்று சோம்பியிருப்பவர்களுக்கு, என்னையும் சேர்த்துத்தான், இதைச் சொல்கிறேன். கார்டினல்கள் சிக்கடிக்கும் முன்பே அரையிருளில் வந்துவிடுகின்றன. சிவப்பு தெரியாது, கொண்டை மட்டும் நிழலாகத் தெரியும்.

ஆனால் இன்று என்னை வியக்கவைத்தது ஃபீடர் பக்கமே வராத பறவை. காட்டுக்குள் ஸ்ப்ரூஸ் மரங்களில் சிக்கடிகளோடு சேர்ந்து பொன்முடி கிங்லெட்டுகள் நான்கு. எடை ஐந்து ஆறு கிராம். விதையை அவை சீண்டுவதில்லை. இந்தக் குளிரிலும் பூச்சி. மெய்ன் மாநிலக் காடுகளில் பெர்ன்ட் ஹைன்ரிச் இதைத் தேடிப் பார்த்து, கிளைகளில் உறைந்துகிடக்கும் அளவைப் புழுக்களை அவை பொறுக்கித் தின்கின்றன என்று கண்டறிந்தார்; இரவில் ஒன்றோடொன்று நெருங்கி ஒரே உருண்டையாக உறங்குவதையும் பார்த்திருக்கிறார். நம் ஃபீடர்கள் எல்லாம் நாளை இல்லாமற்போனாலும் கிங்லெட்டுக்கு எந்த மாற்றமும் தெரியாது.

ஜனவரி 24

இதை எழுதத் தயக்கம்தான். இன்று காலை என் சன்னல் கண்ணாடியில் மோதி ஒரு ஜங்கோ இறந்தது. நான்தான் பொறுப்பு. பார்க்க வசதியாக இருக்கும் என்று ஃபீடரைக் கண்ணாடியிலிருந்து நான்கு மீட்டரில் தொங்கவிட்டிருந்தேன். கண்ணாடிக்கு ஒரு மீட்டருக்குள் இருந்தால் பறவை வேகம் எடுக்கும் முன்பே கண்ணாடி வந்துவிடும். பத்து மீட்டருக்கு அப்பால் இருந்தால் கண்ணாடியில் தெரியும் வானத்தை நோக்கிப் பாயும் வாய்ப்புக் குறையும். நான் வைத்திருந்ததோ மிக மோசமான இடைத்தூரம். அமெரிக்காவில் ஆண்டுதோறும் 36.5 கோடி முதல் 98.8 கோடிப் பறவைகள் கட்டடங்களில் மோதி இறக்கின்றன என்று 2014இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது; அந்த எண்ணைப் படித்திருந்தேன், நினைவில் வைத்திருந்தேன், பிறருக்கும் சொல்லியிருந்தேன்.

கையில் எடுத்தபோது இன்னும் சூடு இருந்தது. வால் ஓரத்து வெள்ளை இறகுகளைப் பறக்கும்போது மட்டுமே பார்த்திருந்தேன். இவ்வளவு வெண்மை என்று தெரியாது. கரும்பலகைச் சாம்பல் நிறம், பழுப்புக் கலக்கவில்லை, ஆண். ஜங்கோக்களில் பெண்கள் தெற்கே நெடுந்தொலைவு போக, ஆண்களில் பெரும்பகுதி வடக்கேயே குளிர்காலத்தைக் கழிப்பதால் இங்கு வருபவை பெரும்பாலும் ஆண்கள். போன குளிர்காலத்துக்கு வந்த இடத்துக்கே திரும்பி வரும் வழக்கமும் அவற்றுக்கு உண்டு.

ஜனவரி 25

ஃபீடரைக் கண்ணாடியிலிருந்து இரண்டு சாண் தொலைவுக்கு மாற்றிவிட்டேன். கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு வெள்ளைப் புள்ளி வீதம் முழுவதும் ஒட்டியிருக்கிறேன். நடுவில் வல்லூறு உருவம் ஒன்றை ஒட்டினால் போதும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். போதாது, அதைச் சுற்றிப் பறந்து பக்கத்துக் கண்ணாடிப் பரப்பில் மோதும். புள்ளிகளுக்கிடையே பார்ப்பது முதல் நாள் எரிச்சலாக இருந்தது. பழகிவிடும்.

ஜனவரி 31

காட்டில் சிக்கடிகள் ஒரே கூச்சல். சிக்கடி என்ற பெயரே அதன் குரல்தான், "கா" என்று கரைவது காகமானதைப் போல. அந்தக் குரலின் கடைசியில் வரும் "டீ" எத்தனை முறை வருகிறது என்பதில் செய்தி இருக்கிறது. ஆபத்து எவ்வளவு அதிகமோ அவ்வளவு "டீ" என்பதை 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பெரிய கொம்பாந்தைக்குக் குறைவு, சிறு ஆந்தைக்கு அதிகம். ஏனெனில் பெரிய ஆந்தையால் சிக்கடியை விரட்டிப் பிடிக்க முடியாது, சுறுசுறுப்பான சின்னதால் முடியும். நட்ஹாட்ச்சுகள் இதை ஒட்டுக்கேட்டு அதற்கேற்பக் கூடி வருகின்றன.

நின்று எண்ணினேன். இரண்டு, மூன்று என்று தொடங்கி ஏழு "டீ" வரை போனது. குரல் வந்த சீடார் மரத்தை ஒவ்வோர் அடுக்காகப் பார்த்து, அடிமரத்தை ஒட்டி ஒரு கையளவு பழுப்பு உருவம் கண்ணை மூடிக்கொண்டிருப்பதைக் கண்டேன்: சா-வெட் ஆந்தை. அதைத் தொந்தரவு செய்யாமல் பின்வாங்கினேன். பகலில் அதை எழுப்பினால் சிக்கடிகளின் கூச்சல் போதாதென்று வல்லூறின் கண்ணிலும் படும். இடத்தை எழுத மாட்டேன், கேட்க வேண்டாம்.

கூச்சலில் கிளைநுனியிலிருந்து மிக நெருங்கிப் போய்த் திட்டிக்கொண்டிருந்தவற்றில் நரையும் ஒன்று. ஃபீடரில் எல்லாருக்கும் விலகுகிற பறவை ஆந்தைக்கு முன்னால் முதல் வரிசையில்.

பிப்ரவரி 7

ரெட்போல் என்னும் வடக்கத்திக் குருவிகள் வந்துவிட்டன! காலையில் ஆறு, மாலையில் நாற்பதுக்கு மேல். பேயெள் நிரப்பிய குழாயில் இடம் போதாமல் ஒன்றையொன்று தள்ளுகின்றன. வடக்கே பிர்ச் விதை பொய்த்தால்தான் இவ்வளவு தெற்கே இறங்கும். தொண்டையில் ஒரு பை உண்டு. அதில் விதையை அவசரமாக நிரப்பிக்கொண்டு, மறைவிடத்துக்குப் போய் ஆறஅமர உமி நீக்கித் தின்னும். நடுவில் ஒன்று மட்டும் வெளிறிப் பனிபோல் இருந்தது, ஹோரி ரெட்போல். குறிப்பேட்டில் புதிய இனம்!

பிப்ரவரி 8

புதிய இனம் இல்லை. காமன், ஹோரி, லெஸ்ஸர் என்று மூன்றாக இருந்தவற்றை அமெரிக்கப் பறவையியல் கழகம் 2024இல் ஒரே ரெட்போல் ஆக்கிவிட்டது என்பதைப் பலர் நினைவூட்டினார்கள். வெளிறியதும் அடர்ந்ததுமான தோற்ற வேறுபாட்டின் பெரும்பகுதி ஒரே நிறப்புரியில் (குரோமோசோமில்) உள்ள மரபணுத் தொகுதி ஒன்றால் வருவது என்று 2021இல் தெரியவந்தது. அந்தப் பறவை நேற்றிருந்த அளவுக்கே இன்றும் வெண்மையாக இருக்கிறது. என் பட்டியல்தான் ஒன்று குறைந்தது.

பிப்ரவரி 10

சிவந்து வீங்கி, ஏறத்தாழ மூடிய கண்ணோடு ஹவுஸ் ஃபிஞ்ச் என்னும் குருவி ஒன்று குழாயின் ஓட்டையில் தலையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரியால் வரும் கண்நோய். 1994இன் தொடக்கத்தில் வாஷிங்டன் நகரைச் சுற்றி முதன்முதலாகக் கவனிக்கப்பட்டுச் சில ஆண்டுகளில் வட அமெரிக்காவின் கிழக்கு முழுவதும் பரவிய நோய் இது. கிழக்கத்திய ஹவுஸ் ஃபிஞ்ச்சுகள் எல்லாம், 1940இல் நியூயார்க் பகுதியில் கூண்டுப்பறவை வணிகர்கள் திறந்துவிட்ட சிலவற்றின் வழிவந்தவை. இந்நோய்க்கு எளிதில் இரையானதற்கு அந்தக் குறுகிய மரபும் காரணமாகக் கருதப்படுகிறது.

ஃபீடர்களை எல்லாம் இறக்கிவிட்டேன். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து ஊறவைத்துக் கழுவி, நன்றாக உலர்த்தி, இரண்டு வாரம் உள்ளேயே வைக்கப்போகிறேன். ரெட்போல்கள் வந்த மூன்றாம் நாளில் இதைச் செய்வது எனக்குக் கடினம். ஆனால் நாற்பது பறவைகள் தலைநுழைக்கும் ஓட்டையில்தான் அது கண்ணைத் தேய்த்தது.

பிப்ரவரி 13

கேள்வி கேட்டவர்: "நடுக்குளிரில் நிறுத்திவிட்டீர்களே, உங்கள் சிக்கடிகள்?"

விஸ்கான்சின் ஆய்வை டிசம்பரில் நம்பிக்கையோடு எடுத்துக்காட்டியவன் இப்போது விடியலில் எழுந்து வெற்றுக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 19 பாகை சுழியத்துக்குக் கீழே. முதல் நாள் சிக்கடிகள் கம்பியில் வந்தமர்ந்து சுற்றிப் பார்த்தன. இரண்டாம் நாள் குறைவு. இன்று ஒன்றும் வரவில்லை.

பிப்ரவரி 16

காட்டில் மூன்று மணி நேரம் இருந்தேன். ஹெம்லாக் கூம்புகள் பெரும்பாலும் காலியாகியிருந்தாலும் சிக்கடிகள் பட்டைகளை உரித்துப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்று நேராக ஒரு காய்ந்த கிளையின் வெடிப்புக்குப் போய்ச் சூரியகாந்தி விதையை உருவி எடுத்தது. என் ஃபீடரில் இருந்து போனதாகத்தான் இருக்கும். சுற்றுவட்டாரத்தில் வேறு சூரியகாந்தி இல்லை. தீனியை நான் நிறுத்தியும் நின்றபாடில்லை. நரையைத் தேடினேன், காணவில்லை.

பிப்ரவரி 19

கண்டேன். ஓடைக்கரையில், கோல்டன்ராடு உருண்டையைக் கிழித்துக்கொண்டிருந்தது. தாறுமாறாக.

பிப்ரவரி 25

நேற்றுக் காலை 7.10க்கு ஃபீடரைத் திரும்பத் தொங்கவிட்டேன். 7.34க்கு முதல் சிக்கடி. புதிதாக ஃபீடர் வைப்பவர்கள் முதல் பறவைக்கு வாரக்கணக்கில் காத்திருப்பதுண்டு. இங்கே 24 நிமிடம். ரெட்போல்கள் வரவில்லை, போய்விட்டன. தட்டு ஃபீடரை இனி வைக்கப்போவதில்லை, அதில் எச்சமும் விதையும் கலக்கின்றன. 2020–21 குளிர்காலத்தில் பைன் சிஸ்கின் குருவிகள் சால்மொனெல்லா நுண்ணுயிரியால் பெருமளவில் இறந்தது அப்படிப்பட்ட நெரிசலில்தான். ஜங்கோக்களுக்குப் பனிவரகைத் தரையில், நாள்தோறும் இடம் மாற்றிக் கொஞ்சமாகத் தூவுகிறேன்.

மார்ச் 9

கேள்வி கேட்டவர் ராபினைப் பார்த்தேன், வசந்தம் வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். ராபின்களில் ஒரு பகுதி எங்கும் போவதில்லை. குளிர்காலம் முழுவதும் காட்டுக்குள் பழங்களைத் தின்றுகொண்டிருக்கின்றன, ஜனவரியிலேயே நான் இருபதைப் பார்த்தேன். புல்தரையில் பனி உருகி மண்புழு கிடைத்ததும் நம் கண்ணில் படுகின்றன. வசந்தத்துக்குச் சான்று வேண்டுமானால் சிக்கடியைக் கேளுங்கள்: "டீ டீ" போய், உயரத்தில் ஒன்று, தாழ்ந்து ஒன்று என்று இரண்டே சுரத்தில் "ஃபீ... பீ" என்று பாடத் தொடங்கிவிட்டது. ஓடைச் சேற்றில் நாணல்களின்மேல் சிவப்புத்தோள் கருங்குருவியும் இன்று கத்தியது.

மார்ச் 15

டிசம்பரில் செய்ததுபோல் இன்றும் ஒரு மணி நேரம் கோடு போட்டேன். மொத்தம் 31 வருகைகள்; நரை மட்டும் 12. இந்தக் கணக்கில் வகுத்தால் இரண்டரைச் சிக்கடிகள் வருகின்றன. குளிர்காலக் கூட்டம் உடைந்து இணைகளாகப் பிரிகிற காலம் இது. இன்று நரை வந்தபோதெல்லாம் பின்னாலேயே ஒன்று வந்தது, அதற்கு நரை விலகவில்லை. மூன்றாவதாக வந்த ஒன்றை இரண்டும் சேர்ந்து விரட்டின. அந்த அரை அதுவாக இருக்கலாம்.